காலி விடாத கட்டங்கள்

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை, பகல்.

அன்புள்ள ஃபிரடிக்கு, உங்கள் செல்வமேரி எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீங்கியிருந்த கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அந்த இடத்தில் குழி நின்றது. அது நிரம்பும்வரை மனதுக்குள் எண்ணினேன். போன ஞாயிறு இருபதுக்குள் நிரம்பியது. இன்று முப்பத்தைந்தைத் தாண்டியது. இப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான், ஜெர்சி என் வயிற்றில் இருந்தபோது. போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டு, முகம் கழுவி, முதல் பூசைக்குக் கிளம்பினேன்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரும். சொல்ல மாட்டேன் என்று அத்தையிடம் சத்தியம் செய்திருந்தேன். "அவன் காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஏழு மாசம் கீது. பாதியில ஓடியாந்தான்னா அத்தினியும் போயிடும். போன்ல நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இது ஏமாற்று வாதம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பின் தெரு அந்தோணிராஜ் இன்று ராத்திரி விமானத்தில் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். சாயங்காலம் வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நாளை இரவு உங்கள் அறைக்கே கொண்டுவந்து தருவாராம்.

விஷயத்தை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன மிச்சம். இத்தனை வருஷம் மாத்திரையில் ஓட்டினார்கள். சென்ற மாதம் ஒரு நாள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நம் தெருவரை நடக்க முடியாமல் மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து எல்லாம் எடுத்துப் பார்த்தோம். வால்வை மாற்றியே ஆக வேண்டும், ஆறு வாரத்துக்குமேல் தள்ளாதீர்கள் என்றார் டாக்டர். இன்றோடு இருபத்தாறு நாள். ஆபரேஷன் நடக்கவில்லை. காப்பீட்டு அட்டைக்கு ஒப்புதல் வரவில்லை என்று மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஒப்புதலைக் கேட்டு அனுப்பியது நான்தான், நான் தினமும் உட்காரும் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து.

நீங்கள் அங்கே போன மறு மாதம்தான் ஓய்வூதியர்களின் மருத்துவக் காப்பீட்டை அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனியின் கையில் கொடுத்தது. அதற்குமுன் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அப்போதும் தாமதம் உண்டு. அதிகாரி டீ குடிக்கப் போயிருப்பார், லீவில் இருப்பார். ஆனால் ஃபைல் எந்த மேசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார், அவருக்கு ஒரு பேர் இருக்கும், நான்கு தடவை போன் செய்தால் ஐந்தாவது தடவை என் குரலைத் தெரிந்துகொண்டு அலுத்துக்கொண்டாவது பதில் சொல்வார். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு வரி வருகிறது. 'விசாரணையில் உள்ளது.' விசாரிப்பது யார், எங்கே, எப்போது முடியும் என்று கேட்டால் போனில் ஒரு பெண் மிக மரியாதையாக அதே வரியை வாசிக்கிறாள். அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. ஜெர்சியைவிட இரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள்.

கம்பெனி மாறியதும் எல்லா ஓய்வூதியர்களும் புதிதாக ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு பக்கம், பொடி எழுத்து. நம் மாதா கோவில் ஹாலில் முகாம் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லை, மீதிப் பேருக்குக் கண்ணாடி இருந்தும் புரியவில்லை. லீலா நர்சம்மாவைக் கூப்பிடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தை மதியம் போனவர்கள், மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து ஐம்பத்திரண்டு பேருக்கு எழுதிக்கொடுத்தார்கள். கடைசி நாள் விரல் வீங்கி வந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு கட்டம் காலி விடலியே" என்றார்கள். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முப்பத்து மூன்று வருஷம் பென்னலூர் துணை சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதியவர்கள். எத்தனை மாதம், எத்தனை கிலோ, எத்தனையாவது தடுப்பூசி. கட்டம் ஒன்று காலியாக இருந்தால் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போடுவாராம். அத்தையின் பதிவேட்டில் ஒரு வட்டமும் விழுந்ததில்லை. கல்யாணமாகி நான் வந்த முதல் மாதம், உங்கள் சித்தப்பா சித்தி எல்லோரும் உட்கார்ந்திருக்க, "போன மாசம் என்னிக்குக் குளிச்ச?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்தார்களே, அன்று எனக்கு அவர்களைப் பிடிக்கவே இல்லை. பி.காம். படித்த பெண்ணை ஒரு பதிவேட்டு வரியாக ஆக்குகிறார்களே என்று இருந்தது. ஒரு ஆள் அந்த வரியில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அத்தை அந்த ஆளை விடவே மாட்டார்கள் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

அந்த ஃபாரத்தில் இரண்டாவது பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. முன்பே இருக்கும் நோய்கள். மற்ற ஊர்களில் அதை யாரும் நிரப்பவில்லை. சும்மா விட்டுவிட்டார்கள், இல்லாவிட்டால் 'இல்லை' என்று போட்டார்கள். அத்தை மட்டும் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். சர்க்கரை எந்த வருஷத்திலிருந்து, என்ன மாத்திரை, குடலிறக்கம் எந்தப் பக்கம். பாதிப் பேருக்கு அவர்களே மறந்துபோன தேதிகளையும் அத்தை ஞாபகப்படுத்தி எழுதியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே நோய் இருந்தாலும் காப்பீடு உண்டு என்றுதான் விதி சொல்கிறது. அதனால் கம்பெனி யாரையும் மறுக்கவில்லை. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் விண்ணப்பம் விசாரணைக்குப் போகும், அவ்வளவுதான். விசாரணை எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வலி தாங்காமல் சிலர் கடன் வாங்கிச் செய்துகொள்வார்கள், சிலர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். மறுக்காமலே வேலை முடிந்துவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் நான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நான்கு மணி நேரத்தில் ஒப்புதல் வருகிறது, படப்பை, ஒரகடம் ஆட்களுக்கு மட்டும் ஒன்பது நாள், பதினோரு நாள் ஆகிறது. ஏன் என்று தெரியாமல் ஒருநாள் நின்றுபோன ஏழெட்டு ஃபாரங்களைத் திரையில் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. நேராக நிற்கும் அந்த உருண்டை எழுத்து. நம் வீட்டு மளிகைச் சிட்டையில் தினமும் பார்க்கிற எழுத்து. ஃபாரங்களை ஒவ்வொன்றாக மூடினேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். அத்தைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இருபதாவது நாள் நாகப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். யூனியன் ஆபீஸில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர்தான். குடலிறக்கம். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி என் மேசை முன் நின்று, "இன்னா பாப்பா, இன்னுமா விசாரிக்கிறானுங்கோ? கொலை கேசுகூட இத்தினி நாள் இல்லியே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று சாயங்காலம் அத்தை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை அழவில்லை. மீதி மீனையும் ஆய்ந்து முடித்தார்கள். கையை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்கள். "எத்தினி பேரு நின்னு போயிருக்கு?" என்றார்கள். இதுவரை கேட்டுப் போனவர்கள் பதினான்கு, இனிமேல் யார் போனாலும் அதே கதிதான் என்றேன். உள்ளே போய் முகாமில் எழுதிய பேர்களின் பட்டியலை எடுத்து வந்தார்கள். அதையும் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ஐம்பத்திரண்டு வீடு. ஷேர் ஆட்டோவில், பஸ்ஸில், வெயிலில். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். அவர்கள் பேசியது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "உங்க ஃபாரத்துல நான் எழுதுனதாலதான் லேட்டாவுது. தப்பு யாருதுன்னு நீங்க அலைய வேணாம். என் கையாலதான்." கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இடையில் புகுந்து, அது உங்கள் தப்பில்லை அத்தை, அவர்கள் செய்கிற வேலை என்றபோது, "அது அப்புறம். மொதல்ல என் பங்கைச் சொல்லிட்டு வர்றேன்" என்றார்கள்.

நாகப்பன் வீட்டில் அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கதவுப் பக்கம் நின்று முறைத்துக்கொண்டே இருந்தார். நாகப்பன் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நர்சம்மா, உனக்கு ஊசிலதான் குத்த வரும்னு நெனைச்சிகினு இருந்தேன். பேனாலயும் குத்துவியா நீ?" என்றார். அத்தை சிரித்துவிட்டார்கள். "வலிக்குதா?" என்று கேட்டார்கள். "பின்னே, இனிக்குமா?" என்றார் அவர். அந்த அம்மா அதற்கப்புறம்தான் உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்.

ஒரகடத்தில் ஆறுமுகநயினார் என்று ஒருவர். திருநெல்வேலிப் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்தவர், மகன் இங்கே கார் கம்பெனியில் லைனில் வேலை செய்வதால் வந்து தங்கியிருக்கிறார். அத்தை சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் வேறு மாதிரிக் கோபம். "நீங்க எழுதுனது பொய்யா?" என்றார். இல்லை என்றார்கள் அத்தை. "எனக்குச் சர்க்கரை இருக்கது நெசந்தான? நெசத்த எழுதிட்டு மன்னிப்பு கேக்கதுக்கு இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்தியளாக்கும். என்ன தாயீ, நாடு இப்படி ஆயிட்டா நாமளும் ஆயிரணுமா?" அத்தை அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தாளு மனசு பெரிசு. ஆனா அவரு சொல்றதை வெச்சிகினு நாகப்பன் வலி போவாது" என்றார்கள். இதை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். யாராவது நம்மைப் பாராட்டினால் நாம் அதில் கொஞ்சம் சாய்ந்துகொள்வோம். அத்தை சாயவில்லை.

பிறகு ரகு வந்தான். கம்பெனியின் ஏரியா ஆள். பென்னலூர்க்காரன், அத்தை கையால் சொட்டு மருந்து குடித்தவன், அதை அவனே சொல்லிக்கொள்வான். நல்லவன்தான். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஆன்ட்டி, சிம்பிள் மேட்டரு. புது ஃபாரம் ஒண்ணு போட்டு அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதிக் குடுத்துடுங்கோ. பழசை நான் மாத்திடறேன். யாரும் கேக்க மாட்டாங்கோ. எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஓடுது."

அத்தை அவன் குடித்த டம்ளரைக் கழுவி வைத்தார்கள். பிறகு, "ஃபாரத்தைக் குடு. யாருக்கு வேணுமோ அவங்க எழுதிக்கட்டும். நான் எழுத மாட்டேன்" என்றார்கள். மறுபடியும் ஐம்பத்திரண்டு வீடு. வெற்று ஃபாரத்தைக் கொடுத்து, இப்படி ஒரு வழி இருக்கிறது, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். முப்பத்தேழு பேர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியும் அத்தை வீட்டில் குறையாகப் பேசவில்லை. மாற்றுகிறவர்கள் என்னென்ன காகிதம் இணைக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்கள். நாகப்பனும் மாற்றினார், ஐந்து மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது, ஆபரேஷனும் முடிந்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு முதலில் போனது அத்தைதான்.

ஃபிரடி, நேர்மையானவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் பக்கத்தில் இருப்பது கஷ்டம். மற்றவர்களையும் அளந்துகொண்டே இருப்பார்கள். உங்கள் அம்மா தன்னை மட்டும் அளந்துகொள்கிறார்கள். இருபத்தொரு வருஷம் ஒரே சமையலறையில் நின்றும் இதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்புறம்தான் அத்தை மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்தது. அவர்களுடைய ஃபாரத்தை நான் திறந்து பார்த்தேன். மற்றவர்களுக்கு எழுதிய ஐம்பத்திரண்டையும்விட நிறைய எழுதியிருந்தது அதில்தான். கட்டத்தில் இடம் போதாமல் பக்கவாட்டில் வேறு தொடர்ந்திருந்தார்கள். எந்த வயதில் காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன், என்ன மாத்திரை, எவ்வளவு. புது ஃபாரம் எழுதிவிடுங்கள் அத்தை என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "ஊசி போட்டா புள்ளைக்கு ஜொரம் வரும், ரெண்டு நாள்ல போயிடும்னு சொல்லுவேன். நான் சொன்னதை நம்பித்தான் புள்ளைய நீட்டுனாங்கோ. அந்த வாயால இப்ப எனக்கு ஒண்ணுமில்லேன்னு சொல்லச் சொல்றியா மேரி?" என்றார்கள்.

விசாரணைக்கு என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து, எல்லா மருந்துச் சீட்டுகளையும் வருஷ வாரியாக அடுக்கிய ஃபைலை நீட்டினார்கள். "இவ்ளோ கரெக்டா யாரும் வெச்சிருக்க மாட்டாங்க மேடம்" என்றார் அவர். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் திரையில், கூடுதல் விசாரணை தேவை என்று வந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். இதை உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி மேசையிலிருந்தே ஃபாரத்தில் திருத்தம் செய்ய ஒரு வழி இருக்கிறது, எழுத்துப் பிழை சரிசெய்வதற்காக. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அத்தையின் ஃபாரத்தைத் திறந்தேன். அந்தக் கட்டத்தில் இருந்ததையெல்லாம் அழித்தேன். 'இல்லை' என்று அடித்தேன். இன்னும் ஒரு பட்டனை அழுத்தினால் சாயங்காலத்துக்குள் ஒப்புதல் வந்துவிடும், அடுத்த வாரம் ஆபரேஷன், அத்தைக்கு எதுவும் தெரியவே போவதில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிடிபட்டால் கம்பெனி அதையே காரணமாக வைத்து ஒரேயடியாக மறுத்துவிடும் என்ற பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் என் கையை நிறுத்தியது அது இல்லை. அவர்கள் ஆயுசு முழுக்கக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒன்றை அவர்கள் அறியாமல் எடுத்துவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கஞ்சி கொடுப்பேன் என்று இருந்தது. சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலை அந்தக் குழியைப் பார்த்தபோது வெள்ளிக்கிழமை தப்புச் செய்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

நாளை திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாற்றாமல் இருக்கும் பதினைந்து பேருக்காக அத்தை மனு எழுதியிருக்கிறார்கள். வேன் பேசியாகிவிட்டது. ஆறுமுகநயினார் வருகிறார். தன் வேலை முடிந்த நாகப்பனும் வருகிறார். நீங்கள் எதற்கு, ஆபரேஷன் ஆன உடம்பாயிற்றே என்று நான் கேட்டதற்கு, "நான் வூட்ல குந்திகினா நர்சம்மா என் பேருக்கு நேரா இன்னா எழுதும்? அந்தப் பயந்தான் எனக்கு" என்கிறார். அத்தையை எவ்வளவு சொல்லியும் நிறுத்த முடியவில்லை. மாத்திரைப் பையை வேனில் யார் வைத்துக்கொள்வது என்று ஜெர்சியிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டேன். அவள் காலேஜுக்கு லீவு போட்டுக் கூடப் போகிறாள்.

மனு நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதிகாரி கம்பெனிக்காரரைக் கேட்பார். எல்லா விண்ணப்பத்தையும் ஒரே மாதிரிதான் சார் பார்க்கிறோம், பெரியவங்க அவசரப்படறாங்க என்பார் அவர். அதற்கு அத்தையிடம் பதில் இல்லை. ஒரே நோய், ஒரே ஆபரேஷன், கட்டம் காலியாக இருந்தவருக்கு எத்தனை மணிக்கு அனுப்பி எத்தனை மணிக்கு வந்தது, நிரப்பியவருக்கு எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் அத்தைக்குத் தெரியாது. அந்தத் தேதிகள் என் மேசையில் இருக்கின்றன. அத்தை அதை என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. போன வருஷம் எங்கள் மேசையில் இருந்த பெண் ஒரு குடும்பத்துக்கு உள்விஷயத்தைச் சொன்னாள் என்று மறு வாரமே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதையை நான் அத்தையிடம் சொல்லியிருந்தேன். அதனால்தான் கேட்கவில்லை.

பூசை முடிந்து வந்து, இந்தக் கடிதத்துக்கு முன்னால் இரண்டு பக்கம் வேறொன்று எழுதினேன். பதினோரு மாதத்தில் என் மேசையிலிருந்து போன விண்ணப்பங்கள், அனுப்பிய நேரம், ஒப்புதல் வந்த நேரம், கட்டம் நிரம்பியதா காலியா. நோயாளிகள் பேர் ஒன்றும் போடவில்லை, எண்கள் மட்டும். கீழே என் பேர், நான் பார்க்கும் வேலை, கையெழுத்து. நாளை எட்டு மணி டியூட்டிக்கு நான் போகப் போவதில்லை. வேன் கிளம்பிய பிறகு வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் தனியாகப் போகிறேன், தெரிந்தால் அத்தை வேனில் ஏற மாட்டார்கள், என்னையும் போக விட மாட்டார்கள். அவர்கள் மனு வாசித்து முடிந்ததும் எழுந்து இதைக் கொடுத்துவிட்டு, கேட்டால் வாயாலும் சொல்லப் போகிறேன். ஜெர்சிக்குத் தெரியாது. பூசையில் பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. உங்களையும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும். வேலை போனால் போனது என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. போகாமல் இருக்கட்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் போகிறேன்.

என்மேல் கோபமிருந்தால் செவ்வாய்க்கிழமை திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் மட்டும் கோபப்படாதீர்கள், தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். என்ன சமையல், மழை உண்டா என்று எப்போதும் கேட்பதையே கேளுங்கள். போதும் வைடா, உனக்குக் காசு ஏறும் என்று அவர்கள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்.

ஆண்டவர் உங்களையும் நம் எல்லோரையும் கைவிடாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
செல்வமேரி